பிடித்தவனையே பிடித்துக்கொண்டு போனார்கள்

ஓசூரில் ஒரு மெஸ்ஸில் சாம்பார் ஊசிப்போனால், மறுநாள் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எதிர் மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். மெஸ்காரன் ஒரு நாள் புலம்புவான், அடுத்த நாள் ஒழுங்காகச் சமைப்பான். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறதா? இல்லை. கூப்பிட்டு வந்தாலும் அவர்களுக்குச் சம்பளம், வராவிட்டாலும் சம்பளம். அது என் வரியிலும் உங்கள் வரியிலும் போகிறது. வேலை பிடிக்கவில்லை, வரியை நிறுத்துகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் ஜீப் சொன்ன நேரத்துக்கு வரும்.

இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர் செக்யூரிட்டி கம்பெனி வைத்திருக்கிறார், அதனால் அப்படித்தான் பேசுவார் என்கிறார்கள். ஆமாம், வியாபாரம்தான். அதில் என்ன கேவலம்? என் ஆள் தூங்கினால் அந்தக் கம்பெனி என்னைக் கழற்றிவிட்டு வேறொருவனை வைத்துக்கொள்ளும். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. அந்தப் பயம் இருப்பதால்தான் நான் யோக்கியன். காக்கிச் சட்டைக்கு அந்தப் பயத்தை யார் காட்டுவது?

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு நின்றவன். குத்தகைக்காரர் பழக்கணக்கு கேட்கமாட்டார், மரத்தை ஒரு பார்வை பார்ப்பார், குறைந்திருந்தால் அடுத்த வாரம் என் இடத்தில் வேறு ஆள். அந்த ஒரு பாடம் போதுமாக இருந்தது. ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கி, வெறும் முள்ளுக்காட்டில் சுற்றுச்சுவர் எழுப்பிய காலத்தில் கையில் ஒரு தடியோடு கேட்டில் நின்றேன். இன்றைக்கு ஜூஜூவாடி எல்லையிலிருந்து பர்கூர் வரைக்கும் எத்தனை கேட்டில் என் கம்பெனிச் சட்டை நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். ஒரு அதிகாரி எனக்கு உதவி செய்ததில்லை. ஒரு கட்சிக்காரன் சிபாரிசு செய்ததில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வைவேன், மூன்றிலும் மன்னிப்புக் கேட்பேன். எழுத்து மட்டும் மெதுவாக வரும். இதைக்கூட நானே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

என் கோபத்துக்கு வருகிறேன்.

சிப்காட்டில் பித்தளை உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அதன் முதலாளியை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னைப்போலக் கீழேயிருந்து வந்தவர். கிருஷ்ணகிரியில் பழைய இரும்பு வாங்கி விற்றுத் தொடங்கி, இப்போது ஐம்பது அறுபது பேருக்குச் சோறு போடுகிறார். அவர் கேட்டில் என் ஆள் ஒருவன் பல வருஷமாக நின்றான். அஞ்செட்டிக்கு மேலே, பஸ் எப்போதாவது போகிற ஒரு மலைக்கிராமத்துக்காரன். நாற்பதைத் தாண்டியவன், பேச்சு குறைவு, கை பெரிது. கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை, அதில் அவனும் அவன் பெண்சாதியும். அவனுடைய இரண்டு பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். ஊரில் வானம் பார்த்த கேழ்வரகுக் காடு துளி இருக்கிறது, அதை நம்பி யாரும் பிழைக்க முடியாது. அந்தக் கேட்டு வேலைதான் அந்த வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்க ஜன்னல் கம்பியை அறுத்து ஒருவன் உள்ளே இறங்கிச் செம்புக் கம்பிச் சுருளை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறான். இவன் சுற்றிக்கொண்டு போய் அவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். அடிக்கவில்லை. அந்தக் கையால் ஒரு அடி கொடுத்திருந்தால் கதையே வேறு. பிடித்தவன் முதலில் செய்தது, சட்டப்படி போலீஸுக்குப் போன். வருகிறோம் என்றார்கள். வரவில்லை. மறுபடியும் போட்டான். அன்றைக்கு ஊருக்குள் ஏதோ பெரிய தலை வருவதால் எல்லாரும் பந்தோபஸ்தில் இருப்பதாகவும், பின்பக்கச் சுவரை ஒட்டிய ரோடு எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். திருடன் சுவர் ஏறுகிறபோது எல்லை பார்த்தா ஏறுவான்?

என் ஆபீசுக்கும் சொன்னான். போலீஸ் வரும்வரை விடாதே என்று என் ஆபீசில் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் விடாமல் வைத்திருப்பது எப்படி என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே முறைப்படி வைத்திருந்தான்.

அவன் ஊர் முறையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அங்கே ஒருத்தன் மாடு இன்னொருத்தன் காட்டில் இறங்கி மேய்ந்துவிட்டால், காட்டுக்காரன் மாட்டைப் பிடித்துத் தன் வாசலில் கட்டிவைப்பான். அடிக்கக் கூடாது. அடித்தால் அவனுக்குத்தான் அவமானம். தீனியும் தண்ணீரும் காட்டக் கடமை உண்டு. மாட்டுக்காரனுக்குச் சொல்லி அனுப்புவான். அவன் கூட ஒரு ஆளோடு வருவான். எல்லாரும் போய்க் காட்டைப் பார்ப்பார்கள். எவ்வளவு அழிந்ததோ அதற்கு ஈடாக ஏர் ஓட்டிக் கொடுப்பானோ, மாட்டுத் தீனிக்குத் தட்டுப்போர் கொடுப்பானோ, பேசி முடித்தபிறகு கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கிறவன் மனுஷனே இல்லை. போலீஸ் அந்த மலைக்கு எந்தக் காலத்தில் போனது? அவர்களாகவே நடத்திக்கொண்டார்கள். கொலை விழவில்லை, குத்து விழவில்லை.

என் ஆள் அந்த முறைப்படியே செய்தான். திருடனைத் தண்ணீர் மோட்டார் அறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டான். தன் பெண்சாதி கிண்டிவைத்திருந்த களியையும் கீரைக் குழம்பையும் பாதி பிரித்துக் கொடுத்தான். பிறகு அவன் போனையே வாங்கி அவன் வீட்டுக்குப் பேசினான். உன் வீட்டுக்காரன் இங்கே இருக்கிறான், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறான். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலேயிலிருந்து அந்தப் பெண் தன் அண்ணனோடு ஓடிவந்தாள். வந்ததும் "பிட்டுபிடி அண்ணா, பிட்டுபிடி" என்று காலில் விழப் போயிருக்கிறாள், விட்டுவிடு என்று. இவன், விடுவதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன், ஆனால் காட்டுக்காரர் வந்து பார்க்க வேண்டும் என்றான். அவன் சொன்ன காட்டுக்காரர் பாய். அவர் வாணியம்பாடியில் கல்யாணத்தில் இருந்தார். காலையில் வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை பாய் வந்து பார்த்தார். சுருள் எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. போனது ஒரு ஜன்னல்தான். பிடிபட்டவனைக் கேட்டால், வேலை போன வெல்டர்.

"ஏம்பா, கம்பிய அறுக்கத் தெரிஞ்ச கைக்கு ஒட்டத் தெரியுமா?" என்று பாய் கேட்டார்.

"தெரியும் சார்."

"அப்ப ஒட்டு. பழசைவிட கெட்டியா இருக்கணும். பக்கத்து ஜன்னலும் ஆடுது, அதையும் சேர்த்து அடி. முடிச்சிட்டு உன் பொண்டாட்டிய இட்டுகினு போ. இன்னொரு வாட்டி இந்தச் சுவத்து மேல உன் மூஞ்சி தெரிஞ்சிது, நான் பேசமாட்டேன்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. யாருக்கு நஷ்டமோ அவருக்கு நஷ்டம் சரியானது. இதைவிட நல்ல தீர்ப்பை எந்தக் கோர்ட்டு, எத்தனை வாய்தாவுக்கு அப்புறம் கொடுக்கும்? களவுபோன வண்டிகள் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து, அதன்மேல் கொடி படர்ந்து கிடப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? பொருளைத் தொலைத்தவனுக்கு அந்தத் துருவில் என்ன பங்கு?

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. நேற்றுக் கூப்பிட்ட போனுக்கு இன்றைக்கு வந்தார்கள். நானும் அப்போதுதான் கேட்டில் இறங்குகிறேன். ஏட்டு ஒருவர் குதித்து வந்து என் ஆளிடம், "எங்கய்யா திருடன்?" என்றார்.

இவன் கையைக் காட்டினான். "அதோ, வெல்டிங் அடிக்கிறாம் பாருங்க. கண்ண நேரா வெச்சிப் பாக்காதீங்க சார், எரியும்."

ஏட்டுக்கு முகம் சிவந்துபோனது. ஸ்டூலில் உட்கார்ந்து திருடன் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் அவன் மச்சான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான், பாய் கம்பெனிப் பெண் ஒருத்தி எல்லாருக்கும் டீ ஊற்றுகிறாள். இதைக் கெடுப்பதற்கு அரசாங்கம் டீசல் செலவழித்து வந்திருக்கிறது.

விசாரித்தார்கள். எங்கே வைத்திருந்தாய்? மோட்டார் ரூமில். எப்போதிலிருந்து? நேற்று மத்தியானத்திலிருந்து. கதவு? தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஒளிவுமறைவே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். சோறு போட்டதைக்கூடச் சொன்னான், அதுதான் முறை என்பதால்.

வெல்டரை ஏற்றினார்கள். என் ஆளையும் ஏற்றினார்கள். ஆளை அடைத்து வைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார்கள். ஜன்னலில் பாதிக் கம்பி ஒட்டாமல் தொங்கியது.

நான் பின்னாலேயே போனேன். ஸ்டேஷனில் என் ஆளைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். சட்டையையும் பெல்டையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். பனியனோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது என் கம்பெனிச் சட்டை. என் தோள்பட்டை முத்திரை அதில் இருக்கிறது. அது ஒரு மேஜைக் காலடியில் சுருண்டு கிடந்தது. நான் கேட்டில் நின்ற காலத்தில் எவனாவது என் சட்டையில் கைவைத்திருந்தால் அவன் கை அவனிடம் இருந்திருக்காது. எடுத்து உதறி மடித்து என் மடியில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"பெரியவரே, உங்க ஆளு பெரிய தப்பு பண்ணியிருக்கான். ஒரு மனுஷன ராத்திரி முழுக்க அடைச்சு வச்சிருக்கான்."

"நீங்க வராததால அடைச்சு வச்சான் சார். ரெண்டு வாட்டி போன் பண்ணான். நீங்க வந்திருந்தா மத்தியானமே உங்க சொத்து."

"எங்களுக்கு ஆயிரம் வேலை இருக்குய்யா."

"இருக்கட்டும். எனக்கு ஒரு வேலதான். அதுக்குத்தான் காசு வாங்கறேன், அதைத்தான் செஞ்சான்."

"இன்னைக்கு உங்க ஆளு களி போட்டான். நாளைக்கு இன்னொரு கம்பெனிக்காரன் ஆள அடைச்சு வச்சு கால ஒடிப்பான். யாரு கேக்கறது?"

நியாயமான கேள்வி. நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பதிலும் நியாயமாகச் சொன்னேன். "என் ஆளு கால ஒடிச்சா, ஒடிஞ்சவன் என்மேல கேஸ் போடுவான். நான் கட்டி அழுவேன். பாய் என்னை அன்னைக்கே தூக்கிடுவாரு. இந்தப் பக்கம் ஒரு கேட்டு எனக்குக் கிடைக்காது. உங்க ஆளு ஒடிச்சா இன்னா ஆவும் சார்? ஆயுதப்படைக்கு மாத்துவீங்க. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஸ்டேஷனுக்கு வருவாரு."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டார்.

"காசு இருக்கறவனுக்கு நீங்க காவல் நிப்பீங்க. காசு இல்லாதவன் எங்க போவான்? எங்ககிட்டதான வரணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வந்து? ஊத்தங்கரைல இருந்து வந்து இங்க லைன் வீட்ல இருக்கற பசங்க, வாரம் ஒரு பைக் போவுதுன்னு உங்ககிட்ட வந்தாங்க. ரசீது குடுத்தீங்க. அப்புறம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டு என்கிட்ட ஒரு ஆளக் கேட்டாங்க. இப்ப ஒரு பைக்கும் போவல. அவங்க இன்னா பணக்காரங்களா? காண்ட்ராக்ட் லேபர் சார். உங்களுக்கும் வரி குடுத்து, எனக்கும் குடுக்கறாங்க. ஒண்ண வுட்டுடுன்னு சொன்னா யார வுடுவாங்கன்னு கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். பாய் புகார் கொடுக்கட்டும், என் ஆள் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும். ஞாயிற்றுக்கிழமையே பிடித்து ஒப்படைத்ததாக எழுதிக்கொள்ளலாம். மோட்டார் ரூம் பேச்சே வராது, இவன் வீட்டுக்குப் போகலாம். சிப்காட்டில் இந்த வருஷம் துப்புத் துலங்காமல் கிடக்கிற செம்புத் திருட்டு எல்லாம் அந்த வெல்டர் தலையில் முடிந்துவிடும். எல்லாருக்கும் நல்லது என்றார்.

"இல்லேன்னா?"

"இல்லேன்னா வெல்டர் புகார் குடுப்பான், உங்க ஆளு உள்ள போவான். அவன் குடுக்கலேன்னாலும், செக்யூரிட்டி வேலைக்கு வெரிபிகேஷன் எங்ககிட்டதான வரணும்?"

இதுதான் இந்தத் தொழிலின் கேவலம். என் ஒவ்வொரு ஆளும் சட்டை போட வேண்டுமென்றால் போலீஸ் நல்லவன் என்று சொல்ல வேண்டும். எதிர்க்கடைக்காரன் கையெழுத்துப் போட்டால்தான் நான் கடை திறக்கலாம் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் நான் வெளியே வந்து என் ஆளிடம் சொன்னேன். அவன் பிழைப்பு அது. கௌரவம் பார்க்கிற நேரம் இல்லை. "போட்டுடுடா. அந்த வெல்டர் உனக்கு மாமனா மச்சானா? உன் புள்ளைங்க ஸ்கூலு இருக்கு."

அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான். "அவுத்து வுட்டாச்சிணா. பாய் வந்து பாத்தாரு, பேசி முடிச்சாரு. அவன் பாதிக் கம்பி ஒட்டியும் குட்த்துட்டான். இனிமே நான் எப்டி மறுபடி புடிக்கறது?"

"இது உன் மலை இல்லடா."

"களி துன்னுகினு இருக்கசொல்ல அவங்கிட்ட சொன்னேன், பேசி முடிச்சா போலாம்னு. அவன் செஞ்சது ஒண்ணு. செய்யாததெல்லாம் அவம் மேல ஏத்த நான் ரேகை வெக்கணுமா? வேலை போனா போவட்டும்ணா."

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டியவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

பாயும் புகார் கொடுக்க மறுத்தார். என் பொருள் என்னிடமே இருக்கிறது, என்னவென்று எழுதுவது என்று கேட்டார். வெல்டரை என்ன மிரட்டியும் அவன், எனக்குச் சோறு போட்டவர்மேல் எழுதமாட்டேன் என்று கன்னடத்தில் அழுதானாம். யார்மேலும் புகார் இல்லாததால் சாயங்காலம் இரண்டு பேரையும் விட்டார்கள். வெல்டரிடம், இனி ஜூஜூவாடியைத் தாண்டி இந்தப் பக்கம் கால்வைத்தால் தொலைத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. மிச்சக் கம்பியை ஒட்டி, பெயின்டும் அடித்துவிட்டுப் போனான். இப்போது யாராவது எனக்குச் சொல்லட்டும், அவனை வரவைத்தது எது, காக்கியா, பேச்சா?

என் ஆளுக்கு அந்த வருஷம் வெரிபிகேஷன் வந்தது. தகுதியில்லை என்று வந்தது. காரணம் எழுதவில்லை. கிருஷ்ணகிரியில் இருக்கிற பெரிய போலீஸ் ஆபீசுக்கு நானே போய்க் கத்தினேன். வயசுக்கு மரியாதை கொடுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், வேறொன்றும் கொடுக்கவில்லை. தகுதியில்லாதவனை நிறுத்தினால் என் லைசென்சே போகும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு திருகாணி தொலையாமல் காத்தவன் காவலுக்கு லாயக்கில்லை. கூப்பிட்டும் வராதவர்கள் அதைத் தீர்மானிக்கிறார்கள்.

அவன் மூட்டை கட்டினான். பெண்சாதி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுவிட்டாள். அஞ்செட்டிக்குப் போனால் பிள்ளைகள் படிப்பு அதோடு சரி. நான் வேறு ஊர் கேட்டுக்கு அனுப்பலாமா, ஆபீசில் டீ வாங்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாய் போன் செய்தார்.

"அண்ணே, தோட்டக்காரனுக்கு வெரிபிகேஷன் வேணுமா?"

"வேணாம் பாய். எதுக்கு?"

"எனக்குத் தோட்டக்காரன் வேணும்."

"உங்க கம்பெனியில ஏது பாய் தோட்டம்?"

"கேட்டுக்குப் பக்கத்துல வெக்கலாம்னு இருக்கேன்."

அன்றைக்கே நாலைந்து செம்பருத்தியும் ஒரு வேப்பங்கன்றும் வாங்கிவந்து நட்டார். என் சட்டை போட்ட இன்னொருவன் கேட்டில் நிற்கிறான், பாய் அதற்குத் தனியாக எனக்குக் கொடுக்கிறார். இவன் அதே அறையில் இருந்துகொண்டு, கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி, வருகிறவன் போகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாய் தன் காசில் தான் நம்புகிறவனை வைத்துக்கொள்ள, செடி வாங்கி ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கேட்டேன். "ஏண்டா, இப்ப எவனாவது சுவரு ஏறினா இன்னா பண்ணுவ? புடிக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"தண்ணிய மூஞ்சிலயே அடிச்சி வுட்ருவேணா. கேட்டா, செடிக்கு ஊத்தசொல்ல குறி தப்பிடுச்சின்னு சொல்லிக்கறேன்."

கேட்டில் நின்ற புது ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை நடந்தபடி ஏட்டிடம் சொன்னவன் இவன், சோறு போட்டதைக்கூட மறைக்காதவன். அவனுக்கு இப்போது ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.